‘ஈ’ என்னும் யப்பானியச் சொல்லைப் பயிலுமாறு

தமிழில் ‘ஈ’ என்பது ஓரெழுத்தொருமொழி. பறக்கும் சிற்றுயிரை அது குறிக்கும். ‘கொடு’ என்னும் ஏவலாகவும் நிற்கும். யப்பானிய மொழியிலும் ‘ஈ’ என ஒரு சொல் உண்டு. ‘நல்ல’, ‘நன்று’ என்பன அதற்கு அகராதி கூறும் பொருள். அந்நாட்டிற் கால் வைத்தவன் முதல் நாளிலேயே அதனைப் பன்முறை கேட்பான். கற்பிப்போர் தொடக்கப் பாடங்களிலேயே அதனைக் கற்பிக்கின்றனர். கற்போரும், “ஈ என்றால் நல்ல” என்று ஏட்டில் எழுதிவைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்கின்றனர். இடர் அங்கேதான் தொடங்குகின்றது.

தமிழாசிரியனொருவன் யூபிலி மலரில் யப்பானிய மொழியைப் பற்றி எழுதுவது அன்பர் சிலர்க்கு வியப்பாகலாம். காரணம் எளிது. வெளிநாட்டுத் தொழிலாளரைத் துறைவாரியாக ஏற்கும் புதிய முறையொன்றை யப்பான் 2019 ஏப்பிரலில் தொடங்கிற்று. அவ்வாண்டு யூன் மாதத்தில் இலங்கையோடும் அது குறித்து உடன்பாடு செய்துகொண்டது. முதியோர் பராமரிப்பு அத்துறைகளுள் ஒன்று. அங்குச் செல்ல விழையும் இளைஞர் மொழித் தேர்வில் தேறவேண்டும். நம் கல்லூரியிற் படித்து வெளியேறியோர் சிலரும் மாலை வகுப்புக்களில் இம்மொழியைப் பயில்கின்றனர். ஐயம் நேர்ந்தவிடத்து, தம் பழைய தமிழாசிரியனிடம் இலக்கணம் கேட்க வருகின்றனர். அவர்களோடு அமர்ந்து யானும் சிறிது பயின்றேன். தமிழிலக்கணம் அறிந்தவன் இம்மொழியை அணுகுதற்குச் சில வாயில்கள் உள என்பதையும், அவ்வாயில்களுட் சில ஏமாற்றுவன என்பதையும் அப்பொழுது கண்டேன். இவ்வொரு சொல்லைக்கொண்டே இரண்டினையும் காட்டலாம்.

முதலில் ஒலி. யப்பானிய மொழியிற் குறிலும் நெடிலும் பொருளை வேறுபடுத்தும். ‘இஎ’ என்பது வீடு; ‘ஈஎ’ என்பது ‘இல்லை’ என்னும் மறுமொழி. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்று சிறுபராயத்திலே கற்ற நமக்கு இது புதிதன்று. ஆனால் மெய்யெழுத்திற் கவனம் வேண்டும். ‘ஈ’ என்பதன் இறந்தகால வடிவம் ‘யொகத்த’. நம் கணக்கில் இச்சொல்லுக்கு மூன்றரை மாத்திரை. இடைநின்ற தகரவொற்று அரை மாத்திரையே பெறும். யப்பானியர் கணக்கில் அவ்வொற்றும் ஒரு முழு மாத்திரை. ஆகவே சொல் நான்கு மாத்திரையாகும். நாம் நம் வழக்கில் விரைந்து கூறின் அவர்களுக்கு அது குறைபட்டு ஒலிக்கும். ஒற்றின்மேற் சற்றே நின்று செல்லல் வேண்டும். ‘யொகு நை’ என்னும் எதிர்மறையின் ஈற்று ஐகாரத்தையும் குறுக்கலாகாது. ஐகாரக்குறுக்கத்துக்கு அங்கு இடமில்லை. ககரத்தைச் சொன்முதற் ககரம்போல வல்லென்றே ஒலிக்க. மரியாதை குறித்து வாக்கிய ஈற்றில் வரும் ‘தெஸ்’ என்பதன் இறுதியில் எழுத்தில் ஓர் உகரம் உண்டு. ஒலியில் அது தேய்ந்து மறையும். குற்றியலுகரம் அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இனி வடிவம். ‘ஈ’ என்பதன் இறந்தகாலம் ‘யொகத்த’ ஆனது எங்ஙனம்? ‘ஈ’ எங்கே, ‘யொ’ எங்கே? இவ்வினாவுக்கு, “விதிவிலக்கு, மனனஞ் செய்க” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. மனனஞ் செய்தல் தீதன்று. ஆயினும் காரணம் அறிந்து மனனஞ் செய்தது நிலைத்து நிற்கும்.

பழைய யப்பானிய மொழியில் இச்சொல்லுக்கு முற்று வடிவம் ‘யொஷி’. பெயருக்கு முன் வரும் எச்ச வடிவம் ‘யொகி’. நம் மொழியில் ‘நன்று’ என முற்றாகவும், ‘நல்ல’ எனப் பெயரெச்சமாகவும் நிற்பதுபோல என்க. காலப்போக்கில் ‘யொகி’ என்பதன் ககரம் கெட்டு ‘யொஇ’ ஆயிற்று. எச்ச வடிவமே முற்றின் இடத்தையும் பற்றிக்கொள்ள, ‘யொஷி’ வழக்கு வீழ்ந்தது. பின்னர் எதொக் காலத்துப் (1603–1868) பேச்சுவழக்கில் ‘யொஇ’ என்பது ‘ஈ’ எனத் திரிந்தது. இத்திரிபு அவ்வொரு வடிவத்தில் மட்டுமே நிகழ்ந்தது. ‘நன்றாக’ என்னும் பொருளதாகிய ‘யொகு’, ‘நன்றாயின்’ என்னும் பொருளதாகிய ‘யொகெரெப’, ‘நன்றாயில்லை’ என்னும் ‘யொகு நை’ ஆகிய ஏனையவெல்லாம் பழைய அடியையே போற்றி நின்றன. ‘யொஇ’ என்பதும் இறந்துபடவில்லை. எழுத்து வழக்கிலும் சிறப்பு வழக்கிலும் இன்றும் வாழ்கின்றது.

‘யொகத்த’ என்பதன் பிறப்பு இன்னும் சுவையுடையது. ‘யொகு’ என்பதனோடு ‘இரு’ என்னும் பொருளுடைய ‘அரி’ என்னும் வினை சேர்ந்தது. அதனோடு இறந்தகாலம் காட்டும் உறுப்புச் சேர்ந்தது. மூன்றும் நெருங்கித் தேய்ந்து ‘யொகத்த’ ஆயின. நாம் ‘நன்றாய்’, ‘இருந்தது’ என்னும் இரண்டையும் சேர்த்து ‘நன்றாயிருந்தது’ என்கின்றோம் அல்லவா? அவர்கள் சென்ற வழியும் அதுவே. நம் சொல்லிற் பொருத்து வெளியே தெரிகின்றது. அவர்கள் சொல்லில் அது மறைந்துவிட்டது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கருதுக. ‘நன்று’, ‘நல்லன்’ என்பவற்றை நம் இலக்கணம் குறிப்பு வினைமுற்று என்னும். அவை காலத்தை வெளிப்படக் காட்டா, குறிப்பாற் கொள்ளவேண்டும். ‘நேற்று நல்லன், இன்று தீயன்’ என்னுமிடத்துக் காலம் காட்டுவன நேற்று, இன்று என்னும் சொற்களே. யப்பானியப் பண்புச்சொல்லோ வினைபோலத் தானே காலம் காட்டுகின்றது. குளிர்ச்சியைக் குறிக்கும் ‘ஸமுஇ’ இறந்தகாலத்தில் ‘ஸமுகத்த’ ஆகும். நேற்றைய குளிரைப் பேசும்போது இறந்தகால வடிவத்தையே வழங்கல் வேண்டும். தமிழ் மாணவர் இங்குத் தவறுதற்குக் குறிப்புவினைப் பழக்கமும் ஒரு காரணம் என்றே கருதுகின்றேன்.

மற்றொரு பிழை, ‘ஈ’ என்பதை மாற்றாமல் ‘தெஸ்’ என்பதை மட்டும் இறந்தகாலமாக்கி ‘ஈ தெஷித’ என்பது. பெயர்ச்சொற்குப் பின் அது பொருந்தும், இங்கே பொருந்தாது. காலத்தைப் பண்புச்சொல் ஏற்க, மரியாதையைத் ‘தெஸ்’ ஏற்கும். ஆதலின் ‘யொகத்த தெஸ்’ என்பதே மரபு. பண்புச்சொல்லின் பின் ‘தெஸ்’ வருவதைத்தானும் ஒரு காலத்திற் சிலர் ஒப்புக்கொண்டிலர். 1952 இல் அந்நாட்டு மொழி அவை தன் பரிந்துரையில் அதனை எளிய வடிவமென ஏற்றது. வழக்கு முந்திச் செல்ல, இலக்கணம் பின்வருதல் எங்கும் உள்ளதே.

‘ஈ’ என்று முடியும் சொற்கள் அனைத்தும் இவ்வழிச் செல்லுமென எண்ணற்க. ‘கவஈ’ என்னும் சொல் அழகிய குழந்தை, சிறு பூனை முதலியவற்றைக் கண்டு கூறுவது. அதன் ஈற்று ஒலி இவ்வொலியே. ஆயினும் அங்கே ‘நல்ல’ என்னும் சொல் இல்லை. அதன் அடி ‘கவஇ’. ஆகவே இறந்தகாலம் ‘கவஇகத்த’. தோற்றப் பொலிவைக் கூறும் ‘கக்கொஈ’ என்பதிலோ, தோற்றம் என்னும் பெயரோடு நம் ‘ஈ’ உண்மையாகவே நிற்கின்றது. ஆதலின் அஃது இறந்தகாலத்திற் ‘கக்கொயொகத்த’ ஆகும். பகுபதத்தைப் பிரித்து அடி காணாதவன் இவ்விரண்டையும் மயக்குவான்.

இத்தனை ஒப்புமைகளைக் கண்டபின், “இரு மொழிகளும் உறவுடையனவோ?” என்று மாணவர் கேட்பர். யப்பானிய அறிஞர் ஒனோ சுசுமு (1919–2008) அவ்வாறே கருதிப் பல்லாண்டு ஆய்ந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவரோடு இணைந்து உழைத்தனர். மொழிநூலார் பெரும்பாலோர் அவர் முடிபை ஏற்றிலர். உறவு உண்டோ இல்லையோ, கற்போனுக்கு இலக்கண ஒப்புமை ஓர் ஏணியாகும். ஆனால் சொல்லின் வழக்கு என்னும் படியில் அவ்வேணி சறுக்கும்.

அதனையே இனிக் கூறுகின்றேன். ஒரு முதியோர் இல்லம். பராமரிப்பாளர் மூதாட்டி ஒருவரைக் குளிப்பாட்டுகின்றார். “நீரின் சூடு போதுமோ?” என்று வினவுகின்றார். மூதாட்டி, “ஈ தெஸ்” என்கின்றார். சூடு அளவாயிருக்கின்றது என்பது பொருள். குளித்து முடிந்தபின் பராமரிப்பாளர் தேநீர் வார்க்கின்றார். “இன்னும் சிறிது தரவோ?” என்று வினவுகின்றார். மூதாட்டி மீண்டும், “ஈ தெஸ்” என்கின்றார். இப்பொழுது பொருள் ‘வேண்டாம்’ என்பது!

ஒரே வாய், ஒரே சொல். ஒருமுறை உடன்பாடு, மற்றொருமுறை மறுப்பு. ஏட்டில் ‘நல்ல’ என்று மட்டும் எழுதிவைத்தவன் இரண்டாம்முறை என்ன செய்வான்? மகிழ்ந்து கோப்பையை நிரப்புவான். தேநீராயின் கெடுதி சிறிது. உணவாயின்? எழுப்பி நடக்க வைப்பதாயின்? முதுமையில் ஒருவர் தம் உடம்பின்மேல் தமக்கு எஞ்சியிருக்கும் உரிமையை இத்தகைய சிறு சொற்களாலேயே காத்துக்கொள்கின்றார். அச்சொல்லை மாறாக விளங்கிக்கொண்டவன் எத்துணை அன்புடையவனாயினும், அவர் வேண்டாததையே செய்தவனாவான்.

இம்மாறுபாடு எதனால் நேர்கின்றது? ‘இப்பொழுதுள்ள நிலையே நன்று’ என்பதே அச்சொல்லின் உட்கருத்து. நீரின் நிலையை வினவியபோது, நீர் இருந்தபடியே நன்று. மேலும் தர முன்வந்தபோது, தாராமல் இருந்தபடியே நன்று. ஆகவே கேட்போன் சொல்லை ஆராய்வதிலும் தான் கேட்ட வினாவை ஆராய்தல் வேண்டும். ஒரு பொருளின் தன்மையையோ நிலையையோ வினவினால் ‘ஈ தெஸ்’ உடன்பாடு. ஒன்றைத் தரவோ செய்யவோ முன்வந்தால் அது பெரும்பாலும் மறுப்பு. முன்னே ‘மோ’ என்னும் சொல் சேர்ந்து ‘மோ ஈ தெஸ்’ என வரின், ‘இனிப் போதும்’ என்று ஐயமின்றிக் கொள்ளலாம். தருவதை ஏற்க விரும்புவோர், ‘தயைசெய்து’ என்னும் கருத்துடைய ‘ஒனெகை ஷிமஸ்’ என்பதையே கூறுவர். நம்மவர் ஒன்றைத் தரும்போது “நல்லது” என்றால் ஏற்றுக்கொண்டார் என்றே கொள்வோம். ஆதலால் நமக்கு இது மிகுந்த எச்சரிக்கைக்குரிய இடம்.

ஈற்றில் வரும் இடைச்சொல்லும் பொருளைத் திருப்பும். ‘ஈ தெஸ் யொ’ என்றால், கேட்டவனுக்கு இசைவு தெரிவித்தலாகும். “ஓம், செய்யும்” என்று நாம் கூறுவது போன்றது. ‘ஈ தெஸ் நே’ என்பது சொல்வோனும் கேட்போனும் ஒரே மகிழ்ச்சியிற் பங்குகொள்வது. வானம் தெளிந்தது, பூ மலர்ந்தது, ஊருக்குப் போய்வந்தேன் என ஒருவர் கூறினால் மற்றவர் ‘ஈ தெஸ் நே’ என்பார். இடைச்சொல்லை விட்டு ‘ஈ தெஸ்’ என்று வெறிதே கூறின், கதவைச் சாத்தினாற்போல் இருக்கும். தனித்து இயங்காதது இடைச்சொல் என நாம் மாணவர்க்குக் கூறுகின்றோம். அது முழு வாக்கியத்தையும் இயக்கும் வலிமையைக் காண விரும்புவோர் இங்குக் காணலாம்.

அனுமதி கேட்டற்கும் இச்சொல்லே உதவும். ‘தபெதெ மொ ஈ தெஸ் க’ என்பதைப் பிரித்து நோக்குக. ‘தபெதெ’ என்பது ‘உண்டு’ என்னும் வினையெச்சம். ‘மொ’ நம் உம்மை செய்யும் தொழிலைச் செய்வது. ‘க’ நம் வினா ஓகாரம் போல ஈற்றில் நிற்பது. ‘உண்டாலும் நன்றோ?’ என்று சொல்லுக்குச் சொல் இயைகின்றது. நாம் “சாப்பிடலாமோ?” என்று கேட்கும் இடம் இது. இதற்கு மறுப்பாக ‘யொகு நை’ என்று விடையிறுத்தல் பொருந்தாது. மன்னிப்புக் கேட்டு, ‘சற்று’ என்னும் பொருளுடைய ‘சொத்தொ’ என்பதைச் சொல்லி வாக்கியத்தை முடிக்காது விடுவதே நாகரிகம். முடியாத வாக்கியத்தைக் கேட்டவர் தாமே முடித்துக்கொள்வர்.

அறிவுரை கூறுமிடத்து, ‘பக்கம்’ என்னும் பொருளுடைய ‘ஹோ’ என்பதோடு ‘ஈ’ வரும். ‘விரைவில் உறங்கிய பக்கம் நல்லது’ என்பது அவர்கள் தொடர். உறங்குக என்பது கருத்து. வடிவம் மென்மையாகத் தோன்றினும், உறங்காவிடிற் கேடு வரும் என்னும் எச்சரிக்கை அதனுள் ஒளிந்து நிற்கலாம். மூத்தோரிடமும் மேலாளரிடமும் இத்தொடரை ஆளாதிருத்தல் நன்று.

மூத்தோர் என்றதும் மரியாதை நினைவுக்கு வருகின்றது. ‘ஈ’ என்பதற்கு உயர்வழக்கு ‘யொரொஷீ’. ஐயான் காலத்தில் (794–1185) இவ்விரு சொற்களின் முன்னோர் நன்மையின் இரு படிகளாயிருந்தன. ஐயமற்ற நன்மை ‘யொஷி’, குறைகூற முடியாத அளவு நன்மை ‘யொரொஷி’, நன்றெனத் தகாதது ‘வரொஷி’, தீயது ‘அஷி’. ஒரு படி குறைந்து நின்ற ‘யொரொஷி’ பின்னாளிற் பணிவின் சொல்லாக உயர்ந்துவிட்டது. “செய்யலாமோ?” என முதியோரிடம் கேட்கும்போது ‘ஈ’ என்பதை விடுத்து ‘யொரொஷீ’ என்க. ஒருவரை முதன்முறை சந்திக்கையிற் கூறும் ‘யொரொஷிகு’ என்பதும் இச்சொல்லின் வழி வந்ததே.

‘யொகு’ என்னும் வடிவம் ‘நன்றாக’ என்பதோடு ‘அடிக்கடி’ என்றும் பொருள்படும். யப்பானியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் மாணவரின் ஏட்டிற் குத்தும் முத்திரையொன்று புகழ்பெற்றது. செர்ரி மலர் வடிவினுள், ‘மிக நன்றாகச் செய்தனை’ என்னும் கருத்துடைய ‘தைஹென் யொகு தெகிமஷித’ என்று எழுதியிருக்கும். அவ்வாசகத்தை மாணவன் ஆசிரியருக்குக் கூறலாகாது. நன்று தீது என மதிப்பிடும் உரிமை மேலோர்க்கே உரியதென அவர்கள் கருதுவர். ஆசிரியரின் சொற்பொழிவைக் கேட்டபின், “நன்றாகப் பேசினீர்” என்னாது, “யான் பலவும் கற்றேன்” என்னும் கருத்துப்படக் கூறுவதே அங்குப் பண்பு. நம் ஊரிலும் முன்னையோர் அவ்வாறே நடந்தனர்.

ஏளனத்திலும் இச்சொல் நம் சொல்லுக்கு இளைத்ததன்று. பிறன் தன் குற்றத்துக்குத் தக்க பயனடைந்தபோது ‘ஈ கிமி’ என்பர். “நல்லாய் வேணும்!” என்று நம்மவர் கூறுவதற்கு இது மிக நெருங்கியது. ‘நல்ல வயது’ என்னும் பொருளுடைய ‘ஈ தொஷி’ என்பது, வயதுக்கேற்ற அறிவின்றி நடப்பவரை இடித்துரைக்கும்போதும் வரும். ‘தலை நல்லது’ எனச் சொல்லுக்குச் சொல் பொருள்படும் ‘அதம க ஈ’ என்பதோ மெய்யான புகழ்ச்சி. கெட்டிக்காரன் என்பது கருத்து.

‘யொகத்த’ என்பதைப் பற்றி இன்னும் ஒன்று கூறவேண்டும். இறந்தகாலம் என்று இலக்கணம் கூறினும், இச்சொல் தனித்து வரும்போது இறந்தகாலத்தைக் கூறுவதில்லை. நிலநடுக்கத்தின் பின் உறவினரின் குரலைத் தொலைபேசியிற் கேட்டவர், “யொகத்த!” என்பர். காணாமற்போன குழந்தை கிடைத்ததும், மருத்துவர் அஞ்சற்க என்றதும் வாயில் வருவது இச்சொல்லே. ‘நன்றாயிருந்தது’ என்று மொழிபெயர்த்தால் உயிர் போய்விடும். “நல்லவேளை!” என்பதே நம் சொல். ‘செய்திருந்தால்’ என்னும் பொருள்படும் ‘ஸுரெப’ என்பதன்பின் வந்தாலோ, அதே ‘யொகத்த’ கழிவிரக்கமாய் மாறும். ‘செய்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்’ என்பது பொருள். பராமரிப்புத் தொழிலுக்குச் செல்வோர் இவ்விரண்டையும் கேட்பர். ஆறுதலுக்குச் சிரித்த முகத்தோடும், கழிவிரக்கத்துக்கு வேறு முகத்தோடும் நிற்கவேண்டியிருத்தலின், சொல்லுக்கு முன் வருவதைக் காதிற் பிடிக்கப் பழகுக.

இவையெல்லாம் பொதுவழக்குப் பற்றியன. ஒசாகா, கியோத்தோ ஆகிய மேற்குப் பகுதிகளுக்குச் செல்வோர் ‘ஈ’ என்பதை எதிர்பார்த்திருக்க, ஆங்குள்ள முதியோர் ‘ஏ’ என்பர். தெற்கே கியூஷூத் தீவிலோ ‘யொக’ என்பதைக் கேட்கலாம். அங்கும் “தரவோ?” என்று கேட்டபின் வரும் விடையைக் கைந்நகர்த்தும் முன் முகத்திற் பார்த்துக்கொள்க, கோப்பையின்மேல் உள்ளங்கை விரிந்திருப்பின் அது ‘வேண்டாம்’ என்பதே.